நெஞ்சுப் படத்துப் புள்ளி பற்றி இராஜகுமாரிக்கு

கந்தப்பளை,
தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை.

அன்புள்ள இராஜகுமாரிக்கு,

உம்முடைய கணவன் பேரின்பநாயகம் எழுதுவது. இங்கு நானும் உம்முடைய ரோசாச் செடிகளும் சுகம். அங்கு நீரும் குகநேசனும் மருமகளும் பேத்தி மதுராவும் சுகமாக இருப்பதை நேற்று வீடியோவில் கண்டுகொண்டேன். ஆகவே விசாரித்து இடத்தை வீணாக்கவில்லை. ரொறன்ரோவுக்கு இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று மகன் சிரிப்பான். என்ன செய்வது, தொலைபேசியில் நான் வாயைத் திறந்ததும் நீர் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர். மருமகள், அவளுடைய தாய், தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் என்று ஒரு கூட்டமே "சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்கிறது. மனைவியிடம் சொல்ல வேண்டியதைப் பொதுக்கூட்டத்தில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை. என்றாலும் உட்கார்ந்திருந்து வாசியும்.

நீர் போன பிறகு நானே சமைக்கிறேன், நன்றாகவே சமைக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். கூடவே ஒரு இருமலும் வந்து சேர்ந்ததை மட்டும் சொல்லவில்லை. வீடியோவில் பேசும்போது இருமல் வந்தால் கமராவை ரோசாச் செடிப் பக்கம் திருப்பிவிடுவேன். "ஏனப்பா எப்ப பாத்தாலும் பூவையே காட்டுறியள்?" என்று நீர் ஏசினீரே, அது இதனால்தான். உம்மை ஏமாற்றலாம், பக்கத்து வீட்டு அழகம்மாவை ஏமாற்ற முடியவில்லை. ஒரு காலை வாசலில் வந்து நின்றுவிட்டார். "சார், நீங்க இருமுறப்ப செவுத்துக்கு இந்தப் பக்கம் எங்க நாயி எந்திரிச்சு ஒக்காந்துக்குது. இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா நானே டீச்சரம்மாவுக்கு போன் போட்டுருவேன், ஆமா." போகாமல் என்ன செய்வது? அவருடைய தம்பி வீரய்யாவின் ஓட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். சட்டையைக் கழற்றி ஒரு பலகையைக் கட்டிப் பிடித்து நிற்கச் சொன்னார்கள். கந்தப்பளைக் குளிரில் அந்தப் பலகை ஐஸ்கட்டி. படம் எடுப்பவர் மூச்சை இழுத்துப் பிடிக்கும்படி சிங்களத்தில் சொன்னார், நான் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து அவருக்கு யாரோ போன் எடுத்தார்கள். விடச் சொல்ல மறந்துவிட்டார். வாழ்நாள் முழுவதும் வகுப்பில் பிள்ளைகளைச் சொன்னபடி கேட்க வைத்தவன் நான், சொல்லாமல் எப்படி விடுவது? கண் இருண்டு பலகையோடு சரியப் பார்த்தபோதுதான் ஓடி வந்தார்.

படத்தைப் பார்த்த டொக்டர் சிவகௌரி எங்கள் பருத்தித்துறைப் பக்கத்துப் பிள்ளை. நுரையீரலின் மேல்பக்கம் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார். "ஐயா, இது என்னெண்டு இப்ப சொல்லேலாது. பழைய தழும்பாயும் இருக்கலாம், வேற ஏதுமாயும் இருக்கலாம். முந்தி எடுத்த படம் இருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம். வீட்டில தேடிப் பாருங்கோ, இல்லாட்டி ஸ்கான் எடுப்பம்." அந்த "வேற ஏதும்" என்ன என்று கேளாமலே வீரய்யாவின் ஓட்டோவில் வந்து ஏறிவிட்டேன்.

வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கும் என்பது உமக்குத்தான் தெரியும். உம்முடைய அலுமாரியைத் திறந்தேன். சேலைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தவன், ஏன் திறந்தேன் என்பதை மறந்து அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மழைக்காலம் முழுவதும் பூட்டிக் கிடந்தும் அதற்குள் உம்முடைய பவுடர் வாசனைதான். பிறகு அடித்தட்டில் ஒரு எக்ஸ்ரே உறை அகப்பட்டது. மகிழ்ச்சியில் பிரித்தும் பாராமல் கொண்டு ஓடினேன். டொக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது ஒரு சின்னப் பிள்ளையின்ர வயிறு. உள்ளுக்கு ஒரு பொத்தான் கிடக்கு" என்றார். குகநேசன் என்னுடைய கோட்டுப் பொத்தானை விழுங்கினானே, அந்தப் படம். அதைத்தான் நீர் இவ்வளவு காலமும் பத்திரப்படுத்தியிருக்கிறீர்.

என்னுடைய படத்தை வீரய்யா பேக்கரிக் கண்ணாடியில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்ததால் கந்தப்பளையில் பாதிப் பேர் என் நுரையீரலைப் பார்த்துவிட்டார்கள். தேயிலைத் தூள் படிந்தது என்றார் ஒருவர். பாடம் நடத்தி விழுங்கிய சோக்குத் தூள் என்றார் இன்னொருவர். அழகம்மா மட்டும், "டீச்சரம்மா போனதுல இருந்து சார் எல்லாத்தையும் நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டாரு. அது எங்கிட்டுப் போகும்?" என்றார். இது மருத்துவத்துக்குப் பொருந்தாது என்று நான் விளக்கினேன். அன்றிலிருந்து ஊரே என்னிடம் மெதுவாகப் பேசத் தொடங்கியது. நாலு வருடத்துக்கு முன் நம் ஏணியை இரவல் வாங்கிய சின்னராசா, கேட்காமலே கொண்டுவந்து சாத்திவிட்டு, "சார் மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்று கண் கலங்கிப் போனார். அப்போதுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது.

கண்டியில் ஸ்கான் எடுத்து, முடிவு வருவதற்குள் நான் பட்டதை எழுதமாட்டேன். நேற்று முன்தினம் வந்தது. "ஐயா, சின்ன வயசில ஏதோ வருத்தம் வந்து உங்களுக்குத் தெரியாமலே ஆறியிருக்கு. அது விட்ட தழும்பு, கல்லாப் போய்க் கிடக்கு. ஒண்டும் செய்யாது" என்றார் டொக்டர். அப்படியானால் இந்த இருமல்? எப்படிச் சமைக்கிறேன் என்று விசாரித்தார். குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நெடி எழச் செத்தல் மிளகாய் பொரிப்பதைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆகவே கவலையை விடும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அழகம்மா வீட்டு ரொட்டியும் சம்பலும் தவறாமல் வருகின்றன. நீர் பேத்தியோடு ஆறுதலாக இருந்து, அங்கத்தைய வெயில் காலமும் முடிந்த பிறகு வந்தால் போதும். அவசரமே இல்லை. மகனும் மருமகளும் நீடூழி வாழட்டும். மதுராவின் உள்ளங்காலில் எனக்காக ஒரு முத்தம் வையும்.

இப்படிக்கு,
உம்முடைய
பேரின்பநாயகம்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். டொக்டர் ஒண்டுமில்லை என்றதும் வீரய்யா கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ஆனால் திரும்பி வரும்போது, மலையெல்லாம் அப்படி வெயில் எறித்துக் கிடக்க, என் முகம் தொங்கிப்போயிருந்ததாம். "நல்ல சேதிதானே சார், ஏன் இப்புடி வர்றீங்க?" என்று கேட்டார். அவருக்கு நான் மறுமொழி சொல்லவில்லை, உமக்குச் சொல்கிறேன். அந்தப் புள்ளி ஏதாவதாக இருந்திருந்தால் நீர் அடுத்த பிளேனில் வந்திறங்கியிருப்பீர். பயத்தோடு பயமாக அதையும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உம்மைக் கூப்பிட என்னிடம் ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லாமல் கூப்பிட்டால் வருவீரோ?