குயில் உனக்கு, கண்டி எங்களுக்கு

சேசு மரி சூசை துணை

கட்டுகலை, கண்டி
13 ஒக்டோபர் 1934

என் அன்புத் தம்பி அம்புறோசுக்கு,

அக்கா ஐரின் எழுதுவது. நானும் உன் அத்தானும் ஆண்டவர் தயவில் நலமாக இருக்கிறோம். உன் சுகத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் தெருவில் இறங்கினால் சுவருக்குச் சுவர் நீ சுகமாகச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். ஆகையால் அந்த வரியை இம்முறை விட்டுவிடுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் முகத்தைக் கிழித்தேன். கோபித்துக்கொள்ளாதே. நீ அடுத்த மாதம் நகர மண்டபத்தில் பாட வருகிறாய் என்ற நோட்டீசை நம் வீட்டு மதிலில் ஒட்டியிருந்தார்கள். இரவில் யாரோ அதில் உனக்கு ஒரு பெரிய மீசை வரைந்து, மீசைக்குக் கீழே "போதும்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். எழுத்து வட்டவட்டமாக, தலை சாயாமல் இருந்தது. நிச்சயமாக என்னிடம் படித்தவன். தண்ணீர் ஊற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தபோது உன் அத்தான் வலன்ரைன் பல்குச்சியுடன் வெளியே வந்து, "ஏன் மினக்கெடுறீர்? கொஞ்ச நேரத்தில ஆடு வந்து தின்னும். இந்த ஊரில உம்மட தம்பிய இப்பவும் விரும்புறது ஆடு மட்டுந்தான்" என்றார். யாழ்ப்பாணத்து மனிதர்கள் ஆறுதல் சொல்லும் விதம் உனக்குத் தெரியும். ஆட்டின் விருப்பம் நோட்டீசில் தடவிய பசைமேல்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தின் நோக்கத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ வரவேண்டாம். தொண்டை கட்டிவிட்டது என்று மண்டபத்தாருக்கு ஒரு தந்தி அடி. அது பொய்யாயிற்றே என்று மனம் உறுத்தினால் இரண்டு நாள் ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டு அடி.

ஏன் என்று கேட்பாய். மதராசில் நாடக மேடையில் பாடிக்கொண்டிருக்கிற உனக்கு, இந்த ஊர் உன்னைத் தூக்கி வைத்துக் கூத்தாடியதுதான் தெரியும். "துயில்வாய் என் தும்பியே" என்ற உன் தாலாட்டு இசைத்தட்டில் வந்த வருடம், இங்கே கொழும்பு வீதியில் தேத்தண்ணிக் கடைக்குக் கடை அதையே சாவி கொடுத்துப் போட்டார்கள். உனக்குக் "கண்டிக் குயில்" என்று பட்டம் கொடுத்து, அந்தப் பட்டத்துக்கு ஓர் இரசிகர் சங்கமும் வைத்து, பலகையும் மாட்டினார்கள். நானும் பாடசாலைக்குப் போகும்போது அந்தப் பலகை இருக்கும் தெருவாகப் பார்த்துச் சுற்றிப் போயிருக்கிறேன். பிறகு நீ கூந்தல் தைலப் போத்தலில் வந்தாய், அது சரி, உனக்கு முடி இருக்கிறது. சவர்க்காரத்தில் வந்தாய். பல்பொடியில் வந்தாய். அதற்குப் பிறகு வயிற்றோட்டத்துக்கான சூரணத்திலும் வந்து, "கண்டிக் குயில் விரும்பிச் சாப்பிடுவது" என்று கீழே அச்சடிக்க விட்டாயே, அதைத்தான் என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. வயிற்றோட்டத்தில் வாடுகிறவன் அந்த நேரத்தில் பார்க்க விரும்பும் சிரிப்பா அது? நெற்றியில் நீ விடும் ஒற்றைச் சுருளை ஊரிலுள்ள இளந்தாரி எல்லாம் விட்டார்கள். இப்போது அதே இளந்தாரிகள் சலூன் கதிரையில் உட்கார்ந்ததும், "எப்படியும் வெட்டுங்க, அவர் மாதிரி மட்டும் வேணாம்" என்கிறார்களாம்.

நகரத்தோடு நின்றால் பரவாயில்லை. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரத்தினம்மா என்று ஒரு தாய், எங்கள் விடுதியில் படிக்கும் மகளைப் பார்க்க வந்தவள், என் மேசைக்கு முன்னால் நின்று, "டீச்சரம்மா, ஒங்க தம்பிக்கிட்ட சொல்லி அந்தப் பாட்ட நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாள். விசாரித்தால் விஷயம் இதுதான். அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி கறுப்பையாவுக்கு உன்மேல் உயிர். விடியுமுன் ஆட்களை எழுப்பிப் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு மேளம் அடிப்பார்கள் அல்லவா, அது நாகரிகமில்லை என்று தப்பை நிறுத்திவிட்டு, பெரட்டுக் களத்தில் ஒரு கிராமபோனை வைத்து உன் தாலாட்டைப் போட ஆரம்பித்திருக்கிறார். "இருட்டுல, வெறைக்கிற குளிர்ல, துயில்வாய் துயில்வாய்னு பாடி எழுப்புறாங்க. தூங்கச் சொல்லிக்கிட்டே எழுப்புற கொடும வேற எந்தத் தோட்டத்துலயாவது உண்டா? தப்புன்னா அது நம்மளத் திட்டுறாப்புல இருக்கும், ரோசத்துல எந்திரிச்சிருவோம். இது கெஞ்சுது. கெஞ்சுனா எவன் எந்திரிப்பான்?" என்றாள். அது என் தம்பியின் குற்றமில்லையே, கங்காணி அல்லவா போடுகிறார் என்றேன். "அவரு பாடுனாத்தானே இவரு போடுவாரு? வீட்டுல இருக்குற எம் மூத்த புள்ளைக்கு இப்ப ஒங்க தம்பி கொரல் காதுல விழுந்தாலே தூக்கத்துல கூடையத் தேடுது" என்றாள். அவள் வந்துபோன பிறகு ஒருநாள் தட்டில் கீறல் விழுந்து, "துயில்வாய் துயில்வாய் துயில்வாய்" என்று அதே இடத்தில் சுற்ற, குதிரையில் வந்த துரை நின்று இதற்கு என்ன அர்த்தம் என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டிருக்கிறார். தூங்கு என்று அர்த்தம் ஐயா என்று அவரும் உண்மையைச் சொல்லிவிட்டார். அன்றோடு கிராமபோன் கங்காணி வீட்டு அலுமாரிக்குள் போயிற்று. மறுநாள் தப்புச் சத்தம் கேட்டதும் லயத்து வீடுகளில் பெண்கள் குலவை போட்டார்களாம். உன் பாட்டு நின்றதற்குக் குலவை, அம்புறோஸ். நான் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. அவள் மறுமுறை வந்து இதைச் சொல்லிவிட்டுப் போன பிறகு நெடுநேரம் ஒரு பயிற்சிக் கொப்பியும் திருத்த முடியாமல் இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நம் பக்கத்து வீட்டு ஜமால்தீன் நானாவை உனக்கு நினைவிருக்கும். இசைத்தட்டுக் கடை வைத்திருக்கிறார். உன் தட்டுகளைப் பெட்டி பெட்டியாக இறக்கினார், இப்போது ஒன்றும் போவதில்லை. போன கிழமை அவர் மனைவி ருக்கியா ஒரு பொட்டலத்தோடு வந்து, "டீச்சர், மனசுல வெச்சிக்க வாணாம். சும்மா ஈக்குறதுதானேன்டு நான் செஞ்சி பாத்தன்" என்று நீட்டினாள். உன் தட்டைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, விளிம்பை வளைத்துக் கிண்ணமாக்கியிருக்கிறாள். உண்மையில் கைத்திறன்தான். நடுவில் ஒட்டிய தாளில் உன் படம் அப்படியே இருக்கிறது. அவர்கள் வீட்டில் இதேபோல் இன்னொன்றில் வெங்காயம் வைத்திருக்கிறார்களாம். "எங்கட மாமி மட்டும் தலகீழா கவுத்து வெச்சீக்காங்க. அவங்களுக்கு ஆம்புள மொகம் பாத்துக்கிட்டு வெத்தல எடுக்க வெக்கமாம்" என்றாள். நான் அதில் ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறேன். எதையும் போடாமல் வைத்தால் நீ என்னையே பார்க்கிறாய்.

இதெல்லாம் சில்லறை. வரவேண்டாம் என்று நான் எழுதுவதற்குக் காரணம் கிளறன்ஸ். உன் இரசிகர் சங்கத்துத் தலைவனாக இருந்தானே, என்னிடம் மூன்றாம் வகுப்பில் படித்தவன், அவன்தான். சங்கம் கலைந்துவிடவில்லை. அதே அறை, உட்கார அதே வாங்கு, அதே பொருளாளர், பலகையில் மட்டும் "இரசிகர்" என்பதை அழித்து "எதிர்ப்பாளர்" என்று எழுதியிருக்கிறார்கள். நேற்று மாலை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "டீச்சர், உங்க மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அதனாலதான் முன்னாடியே சொல்லிட்டுப் போக வந்தேன்" என்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "ஊர்ப் பேர வயித்தோட்ட மருந்துக்கெல்லாம் போடுறார், டீச்சர். கூட்டம் கூடித் தீர்மானம் நிறைவேத்திட்டோம். குயில அவரே வச்சிக்கட்டும். கண்டியத் திருப்பித் தந்திரணும்."

"எப்படித் தருவான், பார்சலிலா?" என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. நீ மேடையேறி இரண்டாவது அடியைப் பாடி முடிக்கும் இடத்தில் மண்டபம் முழுவதும் ஒன்றாக இரும வேண்டும், நீ நிறுத்தும்வரை விடாமல் இரும வேண்டும், அதுதான் ஏற்பாடாம். "கல்லெறியிறது, முட்டையெறியிறதெல்லாம் இல்ல. நாங்க படிச்சவங்க" என்றான். இதற்குத் தேத்தண்ணிக் கடையில் ஒத்திகை நடந்து, அந்த வழியாகப் போன சுகாதாரப் பரிசோதகர் கசரோகம் பரவிவிட்டது என்று பயந்து கடையை ஒருநாள் மூட வைத்தார் என்றால் எவ்வளவு நேர்த்தியாகப் பயின்றிருப்பார்கள் என்று பார். "கிளறன்ஸ், இருமும்போது வாய்க்குக் கைக்குட்டை வைக்க வேண்டும்" என்றேன். "வைப்போம், டீச்சர்" என்றான், வணக்கம் சொல்லிவிட்டுப் போனான்.

நான் இதை யோசித்துப் பார்த்தேன். பலாப்பழத்தை அளவு மிஞ்சித் தின்றவன் மறுநாள் பலாமரத்தைத் திட்டுகிறான். உன்னை அளவு மிஞ்சிக் கேட்டவர்கள் இவர்கள்தான், யாரும் காதைப் பிடித்துக் கேட்க வைக்கவில்லை. ஆனால் இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, ஏனென்றால் சந்திக் கடையில் உன் பாட்டு ஆரம்பித்தால் நானும் யன்னலைச் சாத்துகிறேன். நீ போய் ஒன்பது வருடமாகிறது. உன் பாடும் குரலைத் தினமும் கேட்டுக் கேட்டு, நீ "அக்கா, சோறு போடு" என்று சொன்ன குரல் எப்படி இருந்தது என்பது என் மனதிலிருந்து அழிந்துகொண்டு வருகிறது. அந்தப் பயத்தில்தான் சாத்துகிறேன். இதை ஊருக்கு எப்படி விளக்குவது?

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பாடசாலைத் தலைமை ஆசிரியை மார்கழியோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடம் எனக்கு என்பது நெடுநாளாக எல்லாரும் அறிந்தது. முகாமையாளரான சுவாமியார் வியாழக்கிழமை என்னை அழைத்து, அந்தப் புத்தகத் தமிழில், "ஐரின், உமது சகோதரர் நாடகக்காரர் என்பதை நான் மன்னித்தேன். அவர் பல்பொடியில் இருப்பதையும் மன்னித்தேன். ஆனால் அந்த மண்டபத்தில் நடக்கப்போகும் அமளியில் எமது தலைமை ஆசிரியையின் பெயர் அடிபடலாகாது" என்றார். அடிபடாது சுவாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே வராதே என்று நான் உன் மானத்துக்காக எழுதுகிறேனா, என் பதவிக்காக எழுதுகிறேனா என்று இந்தக் கடிதத்தை மேலிருந்து ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். இரண்டுக்காகவும்தான். இரண்டும் நியாயமான காரணங்கள் என்றே இன்னமும் நினைக்கிறேன். ஊர் முழுக்க உன்னைப் பார்த்து இருமும்போது நீ அந்த மேடையில் தனியாக நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

அத்தான் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். ஜமால்தீன் நானா வீட்டாரும் கேட்டதாகச் சொன்னார்கள். வேளாவேளைக்குச் சாப்பிடு, சூரணத்தை அல்ல. தேவமாதா தன் முந்தானைக்குள் உன்னை வைத்துக்கொள்வாளாக. உன் நெற்றியில் சிலுவை வரைந்து, அந்தச் சுருளையும் சற்று ஒதுக்கிவிட்டு ஆசீர்வதிக்கும்,

உன் அக்கா
ஐரின் வலன்ரைன்

பி.கு.: கடிதத்தை உறையில் இடுமுன் அத்தான் கடைத்தெருவிலிருந்து வந்தார். மண்டபத்தில் ஓர் இடமும் மிச்சமில்லையாம். முன்வரிசை முழுவதையும் கிளறன்சின் சங்கமே எடுத்துவிட்டது, பின்னாலிருந்து இருமினால் உனக்குக் கேட்காதாம். ஜமால்தீன் நானா தமக்கும் ருக்கியாவுக்கும் எடுத்திருக்கிறார். ஹேவாஹெட்டவிலிருந்து கங்காணி ஒரு லொறி நிறைய ஆட்களோடு வருகிறார், அதில் இரத்தினம்மாவும் வருகிறாள், அந்தக் குரலை நேரில் ஒருமுறை பார்த்துத் திட்ட வேண்டுமாம். "நீங்களும் எடுத்தீர்களா?" என்று கேட்டேன். "ஓம். சும்மா, இருமலப் பாக்கத்தான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உனக்காக வாசிக்க ஒப்புக்கொண்டிருந்த ஆர்மோனியக்காரர் மட்டும் வரமாட்டாராம், அவரும் இருமப்போகிறவர்களோடு சேர்ந்துவிட்டார்.

வேண்டாத குரலுக்காக யாரும் காசு கொடுத்து இடம் பிடிப்பதில்லை, அம்புறோஸ். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. தந்தி அடிக்காதே. ஐஸ் தண்ணீர் குடிக்காதே. வா. ஞாயிறுதோறும் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவள் நான், உனக்கும் வாசிப்பேன். வழக்கம்போல் பக்கவாட்டில் அல்ல, சபையைப் பார்த்தபடி உட்கார்ந்து வாசிப்பேன். அந்த மண்டபத்தில் இருக்கப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு அகரம் எழுதப் பழக்கியது என் கை. என் கண் முன்னால் உத்தரவு கேட்காமல் இருமியவன் இதுவரை ஒருவனும் இல்லை. சுவாமியாருக்கும் அத்தானுக்கும் இதை நான் இன்னும் சொல்லவில்லை. நீ இப்போது எத்தனை கட்டைச் சுருதியில் பாடுகிறாய் என்பதை மட்டும் அடுத்த தபாலில் எழுது.