சோறு போடும் காட்சியில் அழுத மாப்பிள்ளை

முப்பிடாதி அம்மன் துணை

தாராவி, பம்பாய்
1985, ஐப்பசி, வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய அண்ணன் பூதத்தான் அவர்களுக்கும் மதினிக்கும், தங்கை முப்பிடாதியம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் செண்பகவல்லியும் அவள் அப்பாவும் அம்மன் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம். அங்கே மதினிக்கு மூட்டுவலி குறைந்து, பசு கன்று ஈன்று, மழையும் பெய்திருக்கும் என்று நானே எண்ணிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் போகாமல் பொட்டலத் தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். பிழை இருந்தால் பொறுத்து, தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

செண்பகவல்லிக்கு நீங்கள் பார்த்த மாப்பிள்ளைப் பையன் இசக்கி மேல் எனக்குச் சந்தேகம். குர்லாவில் பட்டறை வேலை, மான்குர்த்தில் சிநேகிதர்களோடு தங்கல், குடி கிடையாது, பீடி கிடையாது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அழுவான் என்று எழுதவில்லை.

இங்கே பெண் பார்க்க வருகிறார்கள் என்று யாரும் வெளியே சொல்வதில்லை. சரிவராமல் போனால் மறுநாள் குழாயடியில் குடத்தோடு நிற்க முடியாது. அதனால் யார் வீட்டிலாவது வீடியோ வாடகைக்கு எடுப்பார்கள், எல்லாரும் படம் பார்க்கப் போவதுபோல் போவோம், பெண் ஒரு மூலையில் இருப்பாள், பையன் ஒரு மூலையில் இருப்பான், பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தத் தடவை பக்கத்து வீட்டு கலீலுல்லா வீட்டில், அவர்தான் ஏற்பாடு. மேலப்பாளையத்துக்காரர், தங்கமான மனுசர், ஆனால் வாடகைக்கு நல்ல படமாகப் பார்த்து எடுக்கத் தெரியாதவர். சாமி படமாகக் கொண்டுவாரும் என்று நூறு தடவை சொன்னேன். "சாமி படத்துக்குப் பாதியில தூங்கிருவாவ அக்கா. இது அண்ணன் தங்கச்சி படம், குடும்பத்தோட பாக்கலாம்" என்றார். தங்கையை வளர்த்து ஆளாக்குகிற அண்ணன் கடைசியில் ரயிலில் அடிபட்டுச் சாகிற படமாம். படமாம் என்று சொல்லக் காரணம், நான் படம் பார்க்கவில்லை. வடாலாவில் இருக்கிற தன் அத்தையோடு வந்திருந்த பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாகிற இடத்தில் எல்லாரும் அழுதார்கள், அது வழக்கம். இந்தப் பையன் அதற்கு வெகு முன்னாலேயே, ஒன்றுமே நடக்காத ஓர் இடத்தில் ஆரம்பித்துவிட்டான். என்னவென்று படத்தைத் திரும்பிப் பார்த்தால், வேலை முடிந்து வந்த அண்ணனுக்குத் தங்கைக்காரி சோறு போட்டு, இன்னும் கொஞ்சம் வையட்டுமா என்று கேட்கிறாள். அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, சோற்றில் ஒரு கல்கூட இல்லை. பையன் ஓவென்று அழுதான். விசும்பல் இல்லை அண்ணே, சந்து முழுக்கக் கேட்கிற சத்தம்.

அந்தச் சத்தத்தால்தான் மற்றதெல்லாம். கலீலுல்லாவின் வாப்பா அப்துல் ரவூப் பெரியவருக்கு ரொம்ப நாளாக இழுப்பு. அழுகை கேட்ட அடுத்த சந்துப் பெண்கள் காரியம் ஆகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். விசாரித்துவிட்டு அழுவது நம் பக்கத்து வழக்கமில்லையே. தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். பெரியவரைப் பத்து ஊர் ஆண்ட ராசாவாக்கிப் பாட்டு. அவரோ கட்டிலில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தாயி. நான் ஆண்ட ஊரு எதெதுன்னு மட்டும் சொல்லிரு, போயிப் பாத்துட்டு வாரேன்" என்றார்.

"யாரும் சாகலட்டீ, படம் ஓடுது" என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். அவர்களில் மூத்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும் மைனி. முடிய அவுத்தாச்சு. எங்க அக்கா செத்ததுக்கு ஊருக்குப் போக முடியல, அவளுக்காவது அழுதுட்டுப் போறேன்" என்று விட்ட அடியிலிருந்து தொடர்ந்தாள்.

அண்ணே, அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. வீட்டுக் கணக்கு எழுதுகிற புத்தி எனக்கு. வரவானாலும் செலவானாலும் எதிரே ஒரு காரணம் எழுதியாக வேண்டும். படத்தில் அழுகிறவள் கூலி வாங்கிக்கொண்டு அழுகிறாள். பார்க்கிறவர்களுக்கு யார் கூலி கொடுத்தது? நானும் அழுவேன், அம்மன் முன்னால் அழுவேன், அங்கே கேட்க ஓர் ஆள் உண்டு. வீடியோப் பெட்டி யாருக்கு வரம் கொடுக்கப் போகிறது? ஆகவே படத்துக்காக எவரும் அழுவதில்லை. ஆளாளுக்கு ஓர் அழுகை பாக்கி இருக்கிறது. இந்த ஊரில் அழ இடம் ஏது, ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். படம் இடம் கொடுக்கிறது, விளக்கையும் அணைத்துக் கொடுக்கிறது. சரி, அப்படியானால் இந்தப் பையன் யாருக்காக அழுதான்? இவனுக்கு ஆசையாகச் சோறு போட்டவள் ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள். தாய் நினைவு தெரியுமுன் போய்விட்டாள், கூடப்பிறந்தவள் கிடையாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு யார் அவள்?

செம்பூர் முருகன் கோவிலுக்குப் போவதாகச் சொல்லி, பொய்யாகிவிடக் கூடாதென்று கோவிலுக்கும் போய்விட்டு, அப்படியே ரயிலேறி மான்குர்த்தில் இறங்கினேன். அவன் சாப்பிடுகிற மெஸ்ஸை நடத்துவது மெஹராஜ் என்கிற அம்மாள். இசக்கி எப்படிப்பட்ட ஆள் என்று நைசாகக் கேட்டேன். "பொண்ணு வீடா, உள்ள வாங்க" என்று உட்கார மனை போட்டுவிட்டாள்.

"அவனா? தலைய நிமிர்த்த மாட்டான். தட்டுல விழுந்தது என்னமோ அதான். மறுசோறு கேக்கவே மாட்டான். ஒரு நாளு கறி மிஞ்சிப்போச்சேன்னு, இன்னும் கொஞ்சம் வையட்டுமாப்பான்னு கேட்டுட்டேன். எந்திரிச்சுக் கை கழுவப் போனவன் திரும்பி வரல. அதுலருந்து கேக்கதில்ல. கேட்டா பிள்ள பட்டினியாப் போயிருதே."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததால்தான் நம்பிக்கை வரவில்லை. சொல்லும்போது அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், அது யார் கணக்கோ. ஆனால் பேத்தி எடுத்தவள், பல் விழுந்தவள், அவளைப் போய் எப்படிச் சந்தேகப்படுவது? ரயிலில் வரும்போது அது ஒரு குறையாகவே இருந்தது.

ஆகையால் அண்ணே, தாம்பூலம் மாற்றுவதை நிறுத்தி வையுங்கள். பையனுடைய ஊருக்குப் போய், சின்ன வயதில் இவனுக்கு யார் வீட்டில் சோறு போட்டார்கள், அந்த வீட்டில் பெண் உண்டா என்று துருவி விசாரித்து எழுதவும். பெண்ணே இல்லை என்று வந்தாலும் எனக்குத் திருப்தியில்லை. வீடென்றால் தினம் சோறு போட வேண்டும். அவன் வேளைக்கு வேளை அழுதால், குழம்பில் உப்புச் சரியா என்று செண்பகவல்லி யாரிடம் கேட்பாள்?

மதினிக்கு என் கும்பிடு. பிள்ளைகள் படிப்பும் ஆயுசும் பெருகி இருக்க என் ஆசி. அம்மன் கோவில் கொடை விழாவுக்கு என் பேரில் ஒரு மாலை சாத்தி, சந்தேகம் தீரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும்.

உங்கள் தங்கை,
முப்பிடாதியம்மாள்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் பையனின் வடாலா அத்தை வந்தாள். உட்காரவில்லை, காப்பியைத் தொடவில்லை. "எங்க அண்ணன் யோசிக்காவ. அந்தப் படத்துக்குக் கூப்பிடாம வந்தவளுவளே அழுதாளுவ. தாயும் மகளும் மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருந்தீய. தாயில்லாப் பிள்ளைய இந்த வீட்ட நம்பி எப்படி ஒப்படைக்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அண்ணே, செண்பகவல்லி அழாமல் இருந்ததற்குக் காரணம் நான். பவுடர் கலைந்துவிடும் என்று படம் முடிகிறவரை அவள் தொடையைக் கிள்ளிப் பிடித்திருந்தேன். அத்தை போனதிலிருந்து அவள் அடுக்களையில் உட்கார்ந்து அழுகிறாள், இந்தப் பையன்தான் வேண்டுமாம். அவளைப் பார்த்து எனக்கும் அழுகை நிற்கவில்லை. இன்றே பையனின் அப்பாவைப் பார்த்து, எங்கள் குடும்பத்தில் எல்லாரும் நன்றாக அழுவோம் என்று உறுதி சொல்லவும். நம்பாவிட்டால் மை கலைந்த இந்தப் பின்குறிப்பைக் காட்டவும். மேலே உள்ளதை அதற்கு முன் கிழித்து அடுப்பில் போட்டுவிடவும்.