நெற்றியில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

கண் ஆஸ்பத்திரியில் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்த வாகிமான் நெற்றியைத் தடவிப் பார்த்தார். வலப் புருவத்துக்கு மேலே இருந்த சிவப்பு ஸ்டிக்கரைக் காணவில்லை.

"போச்சு லஸ்திரி! தொழுகைக்கு ஒளு செய்யறப்ப மூஞ்சியோட சேர்த்துக் கழுவி விட்டுட்டேன்."

"ஐயையோ! எந்தக் கண்ணுன்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்?" என்று பதறினாள் மனைவி.

அதுதானே விஷயம்! அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலக் கண்ணில் கூடவே கண் அழுத்த நோயும் உண்டு. பக்கப் பார்வை போனது போனதுதான். புரையை எடுக்கும்போதே அழுத்தத்துக்கும் ஒரு வழி செய்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றிருந்தார் டாக்டர். மாற்றி இடக் கண்ணில் கை வைத்துவிட்டால்?

லஸ்திரி குழாயடி முழுக்கத் தேடி, யாரோ ஒருவரின் செருப்படியிலிருந்து ஸ்டிக்கரை மீட்டு வந்தாள். எதிரே நின்று அழுத்தி ஒட்டினாள்.

"அடியே, இது இடது!"

"எனக்கு இதுதான் வலது!"

அவர் பிய்த்தார். அது இரண்டாகக் கிழிந்தது.

அவள் அசரவில்லை. பையிலிருந்த தலைவலி பிளாஸ்திரியை வட்டமாக வெட்டி, லிப்ஸ்டிக் பூசி ஒட்டினாள். "புரை விழுந்தவங்க நடுவுல யாருக்குத் தெரியப்போவுது?"

பிளாஸ்திரியின் காரம் இரண்டே நிமிடத்தில் வேலையைக் காட்டியது. இரண்டு கண்ணும் குழாயாகக் கொட்டின. லிப்ஸ்டிக் மூக்கு வரை வழிந்தது.

"வாகிமான்!" என்று கூப்பிட வந்த நர்ஸ் எண்டா திகைத்தாள். "கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு? இப்படி இருந்தா இன்னைக்கு ஆபரேஷன் கிடையாது."

"வலது கண்ணு சிஸ்டர்! ஸ்டிக்கர் இல்லேன்னாலும் வலதுதான்! என்னைக் கைவிட்டுடாதீங்க!" கிழவர் நிஜமாகவே அழுதார்.

பிளாஸ்திரியை உரித்து, கண்ணைக் கழுவினார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகல. கடைசியா அனுப்புங்க" என்றார். லஸ்திரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"எந்தக் கண்ணுன்னு உள்ள போறப்ப பேனாவாலதானே குறிப்போம்?" என்றாள் எண்டா. "ஸ்டிக்கர் யாரு ஒட்டினது?"

"நான்தான் சிஸ்டர்" என்றாள், டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண். "சீனி இல்லாத டீ கேட்டவங்களுக்கு. கப்புல ஒட்டினா இங்க யாருக்குங்க கண்ணு தெரியுது?"