கம்பெனியின் கை

சென்றாயனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கை. அது யாருடைய கை என்பதுதான் தெரியவில்லை.

மலைமேல் வாழவந்தி நாட்டில் மரக் கம்பெனி வெட்டி அடுக்கியிருந்த தடிகள் ஒரு நாள் மத்தியானம் கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு சரிவில் உருண்டன. சென்றாயனின் சாமைக் காட்டில் மிளகுக்கொடி ஏறிய பலாமரம் போயிற்று, வரப்பு போயிற்று, எல்லைக்கல் பள்ளத்தில் குப்புறக் கிடந்தது. தடி வெட்டிய ஆட்கள் அன்றைக்கே மூட்டை கட்டி மலையிறங்கிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்!

ஊர் வழக்கம் ஒன்று உண்டு. ஒருவன் காட்டை இன்னொருவன் கெடுத்தால், கெடுத்தவன் வீட்டு வாசலில் பஞ்சாயத்துக் கூட வேண்டும். அவன் எழுந்து வந்து, கெட்ட காட்டின் எல்லைக்கல்லில் வலக்கையை வைத்து, "தப்பு எம்பேர்ல" என்று சொல்ல வேண்டும். அதுவரை அந்தக் காட்டில் ஏர் பூட்டக் கூடாது. மீறிப் பூட்டினால் சாமை முளைக்காது. சாமை முளைக்காவிட்டால் வருஷம் முழுக்க வாயில் மண்தான். வானமோ மேற்கே கறுக்கத் தொடங்கியிருந்தது.

"கம்பெனி ஊடு எங்க இருக்குதுன்னு பாத்துட்டு வாரேன்," என்று கிளம்பினான்.

"பாத்துப் பேசுங்க," என்றாள் மனைவி அத்தாயி. "இத்தன மரத்த வெட்டுனவன் எப்படியாப்பட்ட ஆளோ!"

முள்ளுக்குறிச்சியில் கம்பெனி தடிகளைப் போட்டுவைக்கும் கிட்டங்கி இருந்தது. அங்கிருந்த காவல்காரன், "கம்பெனி இங்க இல்லீங்க, சேலத்துல," என்றான். சேலத்து ஆபீஸில் குமாஸ்தா நாச்சிமுத்து, "இது வெறும் கிளை. கம்பெனி மெட்ராஸ்ல இருக்கு. பொறந்தது சீமையில," என்றார்.

சென்றாயனுக்கு உடம்பு சிலிர்த்தது. கால் சேலத்தில், தலை மெட்ராஸில், பிறந்தது கடலுக்கு அந்தப்புறம்! விசாரித்துக்கொண்டு வக்கீல் அப்புசாமியிடம் போய் நின்றான்.

"ஏனுங்க, இந்தக் கம்பெனிங்கற ஆளு எப்படி இருப்பாருங்க?"

"ஆளே இல்லைப்பா. அதுக்கு உடம்பு கிடையாது."

"அப்பப் பேயிங்களா?"

"பேய் காடு வாங்குமா? இது வாங்கும், விற்கும். கோர்ட்டுல கேஸ் போடும். அது மேலயும் கேஸ் போடலாம்."

"வயசாயிச் சாவுமுங்களா?"

"சாகாது. துரைமார் எல்லாம் செத்தாலும் அது இருக்கும்."

சென்றாயன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். அம்மாடி! கண்ணில்லை, காலில்லை, சாவும் இல்லை. அப்பேர்ப்பட்டது வந்து தன் பலாமரத்தையா முறித்தது! பயத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது அவனுக்கு.

"மெட்ராஸ் வரைக்கும் போக வேண்டியதில்லை," என்றார் வக்கீல். "தப்பு நடந்த இடத்துக்கு எந்தக் கோர்ட்டோ அங்கேயே போடலாம். நஷ்டஈடு கேப்போமா?"

"ஈடெல்லாம் வேண்டாமுங்க. கை வெக்கோணும்."

"யாரு கை?"

"கம்பெனி கைங்க."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் படித்த சட்டத்தில் அது இல்லை.

"பஞ்சாயத்து அதும்பட ஊட்டு வாசல்லதான் கூடோணுமுங்க. எதுங்க அதுக்கு ஊடு?"

"எங்கெங்கே ஆபீஸ் வெச்சிருக்கோ, அங்கெல்லாம் குடியிருக்கறதாத்தான் சட்டம்."

"அத்தன எடத்துலயுமா? ஒரே சமயத்துலயா?"

"ஒரே சமயத்துல."

"அட சாமி!" சென்றாயன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "எங்க அறப்பளீசுவரனும் இப்படித்தானுங்க, கோயில் கட்டுன எடமெல்லாம் இருப்பாரு."

சொன்ன வாயை மூடுவதற்குள் யோசனை பிறந்துவிட்டது. கோயில் கட்டினால் சாமி வரும். ஆபீஸ் வைத்தால் கம்பெனி வராமல் எங்கே போகும்?

ஓடினான் கம்பெனி ஆபீஸுக்கு. "எங்க நாட்டுல ஒரு ஆபீசு போடுங்க சாமி! எம்பட மாட்டுக் கொட்டாயத் தாரேன்!"

மலையில் காலூன்ற இடம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த ஆபீஸ் துரை, அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெயர்ப்பலகையோடு நாச்சிமுத்து மலையேறினார். கொட்டாயில் பலகை ஏறியது. மாடு இரண்டும் வீட்டுக்குள் ஏறின.

"மாடு ஊட்டுக்குள்ள, கம்பெனி கொட்டாயில! நல்லாருக்குது நாயம்!" என்று அத்தாயி ஆடித் தீர்த்தாள்.

ஊர்க்கவுண்டர் காளியண்ணன் வந்து பலகையை ஏற இறங்கப் பார்த்தார். "வாசல் சரி. நாங் கூப்புட்டா எந்திரிச்சு வர ஆரு இருக்கா? பலகையா கை வெக்கும்?"

நியாயம்தானே? சென்றாயன் நாச்சிமுத்துவைப் பார்த்தான்.

"ஏஜெண்டு ஒருத்தரைப் போடணும்," என்றார் அவர். "இங்கே அவர் செய்யறதெல்லாம் கம்பெனி செஞ்ச மாதிரி."

"அவரு கை?"

"கம்பெனி கை. கல்லுல எத்தனை தரம் வேணும்னாலும் வெக்கட்டும். காகிதத்துல மட்டும் என்னைக் கேக்காம வெக்கக் கூடாது."

சென்றாயன் மச்சினன் சின்னராசுவிடம் ஓடினான். அவனுக்கு முதுகு வலி. மாணிக்கத்திடம் ஓடினான். அவன் மாமியார் ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். ஊர் முழுக்கச் சுற்றியும் ஒருவனாவது ஒத்துக்கொள்ள வேண்டுமே! நாச்சிமுத்து, பலகையைக் கழற்றிக்கொண்டு போவதாக எழுந்துவிட்டார். சென்றாயன் தலையில் பொட்டென்று ஒரு தூறல் விழுந்தது.

"நானே ஏஜெண்டு!" என்று அலறினான்.

மறுநாள் காலையில் கொட்டாய் வாசலில் பஞ்சாயத்துக் கூடியது. சென்றாயன் தன் வழக்கைச் சொல்லி முடித்தான். கவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கம்பெனி, வெளிய வா!" என்றார்.

சென்றாயன் ஓட்டமாக ஓடிப் பின்பக்கத் தட்டியைத் தூக்கி உள்ளே நுழைந்தான். ஒரு நிமிஷம் அந்தச் சாணி வாடையில் தனியாக நின்றான். அப்போது அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது. நான் சேலத்தில் இருக்கிறேன். மெட்ராஸிலும் இருக்கிறேன். கடலுக்கு அப்பாலும் இருக்கிறேன். எனக்குச் சாவில்லை. அடேயப்பா! இவ்வளவு பெரியவனாக இருந்துகொண்டு ஒரு ஏழையின் பலாமரத்தைப் போய் முறித்தேனே என்று அழுகை பொங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே வந்தான். சனம் தன்னையறியாமல் எழுந்து நின்றது. அத்தாயிகூட முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு மாடுகளை ஓட்டிக்கொண்டு அவனுக்கு முன்னதாகவே காட்டுக்குப் போனாள், கை வைத்ததும் பூட்ட வேண்டுமே என்று.

மழை கனத்தது. சென்றாயன் வலக்கையை நீட்டியபடியே தன் காட்டை நோக்கி நடந்தான். வழியை மறித்துக்கொண்டு ஊரே நின்றது. சின்னராசு முதுகு நிமிர்ந்து நின்றான். மாணிக்கம் மாமியார் ஊருக்குப் போயிருக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் நின்ற கீழ்க்காட்டுச் சென்னம்மாள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அந்தத் தடி எங்க அத்தன பேரு காட்டுலயும் உருண்டுதுங்க, அதனாலதான் நாங்க ஆருமே ஏஜெண்டா ஆவுல. மொதல்ல எங்க காட்டுக்கெல்லாம் வந்து கை வெய்யுங்க கம்பெனி, உங்க காட்டுக்கென்ன அவசரம், கைதான் கூடவே இருக்குதே!"