வெர்லின் ஆடிய குளவி ஆட்டம்

வெர்லின் ஸ்டப் சலவை இயந்திரத்துக்குள் தலையை விட்டுக் காகிதக் கூழை வழித்துக்கொண்டிருந்தார். நூற்றிருபது சைகைகளும் அந்தக் கூழில்தான் இருந்தன.

"டோரீன், பையைப் பார்த்துட்டுத் துணியைப் போடக் கூடாதா?"

"உன் பையில மிட்டாய்த் தாள்தான் இருக்கும். இன்னிக்கு மட்டும் என்ன புதையலா இருந்துச்சு?" மனைவி காபியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் வேலை இருந்துச்சு."

வில்லோ பெண்ட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்காகப் பதினாலு வருஷமாக மைதான ஓரத்தில் நின்று கையை ஆட்டுவது வெர்லினின் உத்தியோகம். காதைத் தொட்டால் பந்தோடு வலப்பக்கம் ஓடு; வயிற்றைத் தட்டினால் தூர எறி. வாயால் கத்தினால் எதிராளி காதில் விழுந்துவிடுமே. என்ன ஆட்டி என்ன, அணி மூன்று வருஷமாக ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

ஆகஸ்டில் வந்த புது கோச் தேடியஸ் பூன், முதல் வாரமே உதவியாளர்கள் ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பினார். வெர்லினை மட்டும் நிறுத்திவைத்து, எண் போட்ட நூற்றிருபது சைகைகளின் பட்டியலைக் கையில் திணித்தார். காது, வயிறு எல்லாம் பழையதே. அர்த்தம் மட்டும் தலைகீழ்.

"நான் எண்ணைச் சொல்வேன், நீங்க சைகை காட்டணும். தப்பு வரக் கூடாது" என்றார் பூன்.

இன்று முதல் ஆட்டம். தோற்றால் ஆறாவதாக வீட்டுக்குப் போகப்போவது யார் என்று கேட்கவே வேண்டாம்.

"ராத்திரிச் சாப்பாட்டுல உளறினியே, எனக்கே கொஞ்சம் ஞாபகம் இருக்கு. முப்பத்தொன்பது முழங்கால்" என்றாள் டோரீன்.

"முழங்கால் நாற்பத்தொன்பதுடி."

"அப்போ நீயே சொல்லிக்கோ."

சண்டையும் சமாதானமுமாக நாற்பது தேறியது. அத்தனையையும் இடது முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு புறப்பட்டார்.

நெப்ராஸ்கா வெயில் மண்டையைப் பிளந்தது. பத்து நிமிஷத்தில் வேர்வை வழிந்து முப்பத்தொன்று எழுபத்தேழு மாதிரி தெரிந்தது. துண்டால் ஒற்றினார், பாதி அழிந்தது. அதே துண்டால் முகத்தைத் துடைத்தார், நெற்றியெல்லாம் நீலம்.

"பதினேழு" என்றது காதுக்கருவியில் பூனின் குரல்.

பதினேழு எங்கே? நெற்றியில் இருந்திருக்கும். வெர்லின் குத்துமதிப்பாகக் காதைத் தொட்டார். பையன்கள் இருபது கெஜம் முன்னேறினார்கள். குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஐம்பத்திரண்டு."

அந்த நேரம் பார்த்துச் சட்டைக் காலருக்குள் ஒரு குளவி புகுந்தது. முதுகைத் தட்டினார், குதித்தார், ஒற்றைக் காலில் சுழன்றார். எதிரணி உதவியாளர் மூவர் அவரைப் பார்த்து மும்முரமாக எழுதினார்கள். எழுதி முடிப்பதற்குள் வில்லோ பெண்ட் பையன் கிடியன் பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்திருந்தான்.

அப்புறம் வெர்லினுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பலித்ததைத்தானே திரும்பச் செய்ய வேண்டும்? குளவி போன பிறகும் அவரே குளவி ஆட்டம் ஆடினார். ஐந்து முறை ஆடி இடுப்புப் பிடித்துக்கொண்டது. முப்பத்தொன்றுக்குப் பத்து என்று வில்லோ பெண்ட் ஜெயித்தது. ஊர் ஜனம் மைதானத்துக்குள் இறங்கி அழுதது.

மனச்சாட்சி உள்ள மனுஷன். நேரே பூனிடம் போய் நின்றார்.

"கோச், நான் காட்டினதுல ஒண்ணுகூடச் சரியில்ல. பட்டியல் துணியோட சலவைல கூழாப் போச்சு."

பூன் அவருடைய நீல நெற்றியைப் பார்த்தார். பிறகு தோளில் கை வைத்தார்.

"அடுத்த வாரமும் இப்படியே பண்ணுங்க. இந்த வேலைக்கு உங்களை விட்டா ஆள் கிடையாது."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. டோரீனுக்குப் போன் போட்டு, "வேலை இருக்குடி" என்று சொல்லிவிட்டு, உடை மாற்றும் அறையில் கிடியன் பக்கத்தில் பெருமூச்சோடு உட்கார்ந்தார்.

"ஆமா தம்பி, அந்தக் குளவி ஆட்டத்துக்கு நீங்கல்லாம் என்ன அர்த்தம் எடுத்துக்கிட்டீங்க?"

கிடியன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தபடி சொன்னான்:

"தெரியாது சார், அடுத்து என்ன ஆடணும்னு, மாற்று ஆளா உள்ளே வர்றவன் காதுலயே கோச் சொல்லி அனுப்பிடறார், உங்களை எதிராளி மட்டும்தான் பார்க்கணுமாம், பதினாலு வருஷமா உங்க சைகையை மனப்பாடமா வெச்சிருக்கிறது அவங்கதானேன்னார்."