இரண்டு கட்சிக்கு நான்கு இலை

அன்னூர்,
4.1.1996

அன்பு மைத்துனர் கிருபாசங்கர் அவர்களுக்கு,

அன்னூரிலிருந்து உங்கள் அக்காள் புருஷன் கந்தப்பன் எழுதுவது. நீங்களும் அம்மணியும் குழந்தைகளும் அந்தப் பனியில் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இங்கே உங்கள் அக்காள் மயிலாத்தாள் சுகம், நந்திதா சுகம், எருமை கன்று போட்டுச் சுகம். நான்தான் சுகமில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் கால் டெலிபோன் பக்கம் போகிறது. உங்களுக்குப் போன் போடலாம்தான், ஆனால் இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

நந்திதாவுக்கு நீங்கள் பார்த்துவிட்ட டாலஸ் டாக்டர் ராசப்பன் மகன் வீட்டார் ஒன்றாம் தேதி சொந்த ஊர் கொடுமுடியிலிருந்து பெண் பார்க்க வந்து போனார்கள். வருவதற்கு முன்பே நீங்கள் எழுதியிருந்தீர்கள்: ‘அந்த வீட்டில் அரசியல் பேச்சு பலமாக இருக்கும், பார்த்து நடந்துகொள்ளுங்கள். டாக்டரும் அவர் தம்பி அரங்கசாமியும் ரிபப்ளிகன், யானைச் சின்னம். டாக்டர் சம்சாரமும் பையனும் டெமாக்ரட், கழுதைச் சின்னம்.’ கழுதையைக் காட்டி ஓட்டுக் கேட்டு ஜெயிக்கவும் செய்கிற தேசத்தைப் பற்றி நான் என்ன சொல்ல. ஆனால் இருபத்திரண்டு வருஷமாகக் கட்சியில் ஒன்றியப் பிரதிநிதியாக இருக்கிறவனுக்கு இரண்டு கட்சிக்காரர்களை ஒரே கூரையின் கீழ் சாப்பிட வைக்கத் தெரியாதா? நம் பக்கத்தில் எந்த விசேஷமானாலும் முதல் பந்தி நம்மவர்களுக்கு, இரண்டாம் பந்தி அவர்களுக்கு. பத்திரிகை கொடுக்கப் போவதும் வேறு வேறு ஆள். நான் முன்னின்று நடத்திய எந்தக் கல்யாணத்திலும் இதுவரை ஓர் இலை பறந்ததில்லை. வந்தது நாலே பேர் என்பதால் பந்தி பிரிக்காமல் இடத்தைப் பிரித்தேன். யானைக்கு ஹாலில் இரண்டு இலை, கழுதைக்கு உள் ரூமில் இரண்டு இலை, நடுக்கதவைச் சாத்திவிட்டேன்.

இனிப்புக்கு ஒப்புட்டு வைப்பதற்குள் ஹாலில் ஆரம்பமாகிவிட்டது. அங்கே பட்ஜெட் தகராறில் சர்க்கார் ஆபீஸையே பூட்டி வைத்திருக்கிறார்களாமே, அதுதான் பேச்சு.

“செலவைக் கொறைக்கற வரைக்கும் பூட்டியே வெக்கோணும், தப்பே இல்லீங்க” என்றார் டாக்டர்.

தம்பி அரங்கசாமி அங்கே கரோலினாவில் ஒரு நூல் மில்லில் இஞ்சினியர். “அது கெடக்கட்டுங்ண்ணா. வெளிநாட்டுச் சரக்கைக் கேக்காம உள்ள உட்டு, எங்க மில்லைப் பூட்டற நெலைக்குக் கொண்டாந்துபோட்டாங்களே உங்க ஆளுங்க, அதுக்கென்ன சொல்றீங்க?” என்றார். அவர் சொன்ன வெளிநாட்டுச் சரக்கில் நம் திருப்பூர் பனியனும் அடக்கம். ஊருக்குப் போகும்போது அரை டஜன் வாங்கிப் போக வேண்டும் என்று காலையில் என்னிடம் கேட்டவரும் அவரேதான்.

ஒரே கட்சிக்காரரைப் பார்த்து ‘உங்க ஆளுங்க’ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நம் ஊரில் இப்படி ஒருவர் பேசினால் மறுநாள் காலையில் கொடியில் ஒரு கோடும் கட்சிப் பெயரில் ஓர் எழுத்தும் கூடிவிடும். எனவே சத்தமில்லாமல் அரங்கசாமியின் இலையை எடுத்து, டெலிபோன் இருக்கும் முன் ரூமில் போட்டு உட்கார வைத்தேன்.

திரும்பி வந்தால் உள் ரூமில் தாயும் மகனும். “மில்லு மூடி வேலை போனவனுக்கு யாரு கண்ணு சோறு போடறது? கவர்மென்டுதான் போடோணும்” என்கிறார் அம்மா. “காலத்துக்கும் போட முடியாதுங்கம்மா, ரெண்டு வருசம் பாத்துட்டு வேலைக்குப் போகச் சொல்லோணும்” என்கிறான் பையன். இது அவன் அப்பா பேச்சு அல்லவா? பையன் இலையைப் பின் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனேன். அந்நேரம் பார்த்து முன் ரூமிலிருந்து அரங்கசாமி, “அண்ணி சொல்றதுதான் நாயம்” என்று குரல் கொடுக்கிறார். யானை கழுதைக்கு ஆதரவு. இனி அவரை எங்கே உட்கார வைப்பது? ரச வாளியோடு நடுவீட்டில் நின்றுவிட்டேன்.

பொறுக்காமல் டாக்டரிடமே கேட்டேன். “ஏனுங்க, இத்தனை முட்டிக்கிட்டு ரெண்டு பேரும் எதுக்குங்க ஒரே கட்சில இருக்கறீங்க? தம்பி தனிக்கட்சி ஆரம்பிச்சாச் சோலி முடிஞ்சுதுங்களே.”

அவர் சிரித்தார். “அங்க ஒரு கட்சிக்குள்ளயே அஞ்சாறு கட்சிங்க. ஓட்டுப் போடற அன்னிக்கு ஒண்ணாயிருவோம்.”

நான் நம்பவில்லை. பிரியப்போகிறவர்கள் கடைசி நிமிஷம் வரை பத்திரிகைக்காரர்களிடம் இப்படித்தான் சொல்வார்கள். எனவே முறைப்படி இணைப்பு விழா நடத்திவிட்டேன். பாயசம் முடிந்ததும் இரண்டு சால்வையை எடுத்து அண்ணனுக்கும் தம்பிக்கும் போர்த்தி, கைகளைக் கோத்துப் பிடிக்கச் சொல்லி, பெண்ணைப் படமெடுக்க வந்த ஸ்டூடியோக்காரரை எடுக்கச் சொல்லி, ரத்த பாசத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். கைதட்டியது நான் மட்டும்தான்.

டாக்டர் சம்சாரத்தின் கண் சிவந்துவிட்டது. “ஆளுக்கொரு மூலையில உக்கார வெச்சீங்க, சரி, இந்த ஊர்ப் பழக்கம்னு இருந்தோம். இல்லாத சண்டைக்குச் சால்வை வேற போடறீங்க. எங்களது ஒடஞ்ச குடும்பம்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?” சொன்னது நீங்கள்தான், ஆனால் உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. “போயிட்டுத் தகவல் சொல்றோமுங்க” என்று காரில் ஏறிவிட்டார்கள். நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். இன்றுவரை தகவல் இல்லை.

எனக்கு மனசு ஆறவில்லை மைத்துனரே. நான் இலை போட்டுக் கொடுத்த அந்தப் பின் தாழ்வாரத்தில்தான் நந்திதாவும் பையனும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்தபோது அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று. என் கட்சிப் புத்தியால் அவளுக்கு அமைந்த நல்ல இடம் கைவிட்டுப் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் அவர்களும் டாலஸ் திரும்பிவிடுவார்கள். எத்தனை தூரமானாலும் நீங்கள் நேரில் போய், கந்தப்பன் கெட்டவன் இல்லை, மாற்றுக் கருத்துக்காரர்கள் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிடுவதை அவன் பார்த்ததில்லை, அவ்வளவுதான் என்று எடுத்துச் சொல்லவும்.

மருதமலையான் உங்கள் எல்லோரையும் குளிரிலும் கருத்து வேற்றுமையிலும் காப்பானாக.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்ற கவலையோடு,
அ. கந்தப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டெலிபோன் அடித்தது. பேசியது டாக்டர் சம்சாரம். இடம் பிடித்துவிட்டதாம். “உங்க பொண்ணு அரை மணி நேரத்துல எம் பையன மூணு எடத்துல தப்புன்னு சொல்லிப்போட்டாளாமுங்க, அதும் சிரிச்சுக்கிட்டே. எதுத்துப் பேசிப் பழகுன ஊடுன்னு தெரிஞ்சுபோச்சு, எங்களுக்கு அது போதுமுங்க” என்றார். போனை வைத்துவிட்டு, நம் வீட்டில் யார் யாரை எதிர்த்துப் பேசினார்கள் என்று உங்கள் அக்காளிடம் கேட்டேன். கீரை ஆய்ந்த கை நிற்காமல் சொன்னாள்: “இருவது வருசமா நான் நீங்க ரெண்டாம் பந்தி போடற அந்தக் கட்சிக்குத்தானுங்க ஓட்டுப் போடறேன். போன தடவை நந்திதாளும் அதுக்குத்தான் போட்டா. நீங்க கேக்கலை, நாங்க சொல்லலை.” எனவே நீங்கள் டாலஸ் போக வேண்டாம். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். ஊரில் இருந்த காலத்தில் நீங்கள் எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.