மறைந்த துணை நடிகர் தம்பிக்கு எழுதிக்கொண்டது

கச்சிராயபாளையம்,
29.9.2025

அன்புள்ள தம்பி ஜானுக்கு,

அண்ணன் இன்னாசி எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அண்ணி கிரேஸும் இங்கு நலமாக இருக்கிறோம். கடிதத்தில் இந்த வரியை யாரும் படிப்பதில்லை, தாண்டிவிடுவார்கள். நீ மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படி. நான் உயிரோடுதான் இருக்கிறேன். திருநாவலூரில் நீயும் உன் வீட்டாரும் சுகமென்று நம்புகிறேன். பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் எதற்குத் திடீரென்று எழுதுகிறான் என்று நினைப்பாய். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். யார் மேலும் எனக்குக் கோபமில்லை.

போன வருஷம் சங்கராபுரத்துப் பெண் தமிழ்ப்ரியா ஒரு படம் எடுக்க வந்தது. கல்வராயன்மலைக்குப் போகும் ஒரு பஸ்ஸின் கதை, முழுக்கக் கறுப்பு வெள்ளை, ‘வெள்ளிமலைக்கு ஒரு டிக்கெட்’ என்று பேர். டிரைவராக நடிக்க மெட்ராசிலிருந்து ஆள் வந்துவிட்டது, கண்டக்டருக்கு ஆள் இல்லை. அந்த ரூட்டில் முப்பத்திரண்டு வருஷம் ஓடி ரிட்டயர் ஆனவன் என்று யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். ஆறு நாள் காக்கிச் சட்டை போட்டு டிக்கெட் கிழித்தேன். “நடிக்காதீங்க ஐயா, நடிக்காதீங்க” என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தது, நான் எங்கே நடித்தேன். கடைசி நாள் ஒரு காட்சி. மலை ஸ்டாப்பில் பஸ் நிற்கிறது, நான் படிக்கட்டில் நின்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு, வராத ஒரு ஆளுக்காக ரோட்டைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். ஊதச் சொல்லும் வரை ஊதவில்லை. அவ்வளவுதான். அதற்குப் போய் ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த துணை நடிகர் என்று விருது கொடுத்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பேரில் ஆறு மெய்யெழுத்துக்கு ஓர் உயிரெழுத்துதான் இருக்கிறது, அதனால் எழுதவில்லை. சிறந்த படம் மங்கோலியாவுக்காம், மூன்று மணி நேரம் ஒரு ஆள் கதவு செய்கிறானாம். சிறந்த நடிகை போர்ச்சுகலில் ஒரு மீன்காரம்மா, படம் முழுக்க ஒரே வார்த்தைதான் பேசுகிறாளாம், அதுவும் திட்டு. என்னைப் பற்றி நடுவர்கள் எழுதியதைத் தமிழ்ப்ரியா போனில் படித்துக் காட்டியது, ‘இந்த மனிதரின் கண்ணில் ஒரு முழு ஆயுள் காத்திருக்கிறது’ என்று. “அப்ப இன்னா நெனச்சிகினு பாத்தீங்க ஐயா?” என்றும் கேட்டது. கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டதை நினைத்தேன் என்றேன். ஸ்டாப்பில் அதிக நேரம் பஸ்ஸை நிறுத்தியதற்காக சர்வீசில் எனக்கு இரண்டு மெமோ வந்திருக்கிறது. அதே வேலைக்கு வெளிநாட்டில் விருது.

விழாக்காரர்கள் ஒரு போஸ்டர் அனுப்பினார்கள். கறுப்பு வெள்ளையில் என் முகம், இரண்டு பக்கமும் வளைந்து வரும் இலைக்கொத்து, கீழே என் பேர், விழா தொடங்கிய தேதி, முடிந்த தேதி. அங்கெல்லாம் ஜெயித்தவனுக்கு அப்படி இலை வைப்பது வழக்கமாம். நம் பக்கத்தில் எப்பேர்ப்பட்டவனுக்கு வைப்பார்கள் என்று உனக்கே தெரியும். என் பழைய டிரைவர் முருகவேல், நான் வெள்ளிமலைக்குப் போயிருக்கும் சமயம் பார்த்து, திரும்பி வந்து இறங்கும்போது ஒரு பாராட்டு பிளெக்ஸ் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான். கள்ளக்குறிச்சியில் அச்சகம் வைத்திருக்கும் குமாருக்கு போஸ்டரை அனுப்பி, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். “குமாரு, நம்ம இன்னாசி அண்ணனுக்கு ஒரு பிளெக்ஸ் போடணும்டா, அவசரம், காலீல நிக்கணும்.” முருகவேல் சந்தோஷம் வந்தாலும் அழுகிற ஆள், அழுதுகொண்டேதான் பேசியிருக்கிறான். குமார் யோசித்திருக்கிறான். கறுப்பு வெள்ளைப் படம், சுற்றி இலை, இரண்டு தேதி, சொல்பவன் அழுகிறான், அதுவும் அவசரம் என்கிறான். பாராட்டு எந்தக் காலத்தில் அவசரமாக இருந்தது? மேலே கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, தோற்றம் 12.9.2025, மறைவு 21.9.2025 என்று அடித்து, விடியும்போது பஸ் ஸ்டாப்பில் நட்டுவிட்டான். ஒன்பதே நாளில் பிறந்து, வளர்ந்து, ரிட்டயராகி, பென்ஷனும் வாங்கிச் செத்திருக்கிறேன். ஊரில் ஒருத்தர்கூட தேதியைப் பார்க்கவில்லை.

இதில் பெரிய கூத்து, பிளெக்ஸ் போடச் சொன்ன முருகவேலே அதைப் பார்த்து நடுரோட்டில் உட்கார்ந்து அழுததுதான். பிறகு கேட்டேன். “நைட்டுல தவறிட்டிருப்ப, குமாரு அதுக்கேத்த மாதிரி மாத்திட்டான்னு நெனச்சேம்பா” என்கிறான். வூட்டில் கூட்டம் கூடிவிட்டது. உன் அண்ணி என்ன சொல்லியும் எடுபடவில்லை. “அவரு மலைக்குப் போய்கீறாரு, மத்தியானம் சோத்துக்கு வந்துடுவாரு” என்றாளாம். “பாவம், புத்தி பேதலிச்சிடுச்சி” என்று அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். போன் போட்டால் மலையில் எனக்கு சிக்னல் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அவளுக்கே சந்தேகம் வந்து அழ ஆரம்பித்துவிட்டாள். உபதேசியார் கோயிலில் துக்க மணி அடித்துவிட்டு, ஷாமியானா போட்டு நாற்காலியும் இறக்கிவிட்டு, பாடி எப்ப வருது, பாடி எப்ப வருது என்று வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்திருக்கிறார்.

பதினொன்றேகால் பஸ்ஸில் பாடி வந்து இறங்கியது. இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல சிலுவை போட்டுக்கொண்டு, பெட்டிக்கடை இருசம்மாளிடம், “யாரும்மா பூட்டது?” என்றேன். அது வெற்றிலை அடுக்கிக்கொண்டு, நிமிராமலே, “நம்ம கண்டக்டரு இன்னாசிதான். நல்ல மனுசன், சில்லறை மட்டும் திருப்பிக் குடுக்கமாட்டாரு” என்றது. பிறகு நிமிர்ந்து பார்த்தது. அப்போது சாத்தின கடையை அன்றைக்கு முழுக்கத் திறக்கவில்லை.

வூட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கிரேஸ் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு திட்டின திட்டு, அந்தப் போர்ச்சுகல் மீன்காரம்மா தோற்றாள். வந்த சனங்களுக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். உயிரோடு இருப்பவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டு எழுந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் முருகவேல் மறுபடியும் அழுதான். உபதேசியார், “துணை நடிகரா? அப்ப மெயின் யாரு?” என்று விசாரித்துவிட்டுப் போனார். யார் யார் வந்தார்கள் என்று ஒரு நோட்டம் விட்டேன். கிட்டத்தட்ட எல்லாரும் வந்திருந்தார்கள். மத்தியானம் ஷாமியானாக்காரன் பிரிக்க வந்தான், சாயங்காலம் வரை இருக்கட்டும்பா என்றேன். “யாருக்குங்க காத்துகினு கீறீங்க?” என்று உன் அண்ணி கேட்டாள். நெழல் நல்லாகீது என்று சொல்லிவிட்டு, ரோடு தெரிகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அஞ்சு பஸ் வந்தது.

அஞ்சாவது பஸ்ஸின் கண்டக்டர் வாழை இலையில் சுற்றின ஒரு ரோஜா மாலையைக் கொண்டுவந்து கொடுத்தான். பேர் இல்லை. மூன்று பஸ் மாறி வந்திருக்கிறது, மூன்று லக்கேஜ் டிக்கெட்டும் நூலில் கோத்துத் தொங்கியது. ஒரு கண்டக்டரிடம் போய் ஒளித்து விளையாடலாமா ஜான்? முதல் டிக்கெட்டில் ஏறின இடம் திருநாவலூர் என்று இருந்தது. அந்த ஊரில் எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான். ‘உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்’ என்று அன்றைக்குச் சொல்லிவிட்டுப் போனாய். நீ வரவில்லை, மாலை வந்தது. சொன்ன சொல் தவறவில்லை. நல்லது.

இதற்கெல்லாம் மூல காரணம் அந்த அச்சகத்துக் குமார்தான். என் மகள் எஸ்தர் கல்யாணப் பத்திரிகையில் உன் பேரை விட்டவனும் அவன்தான், இப்போது என்னைக் கொன்றவனும் அவன்தான். அன்றைக்கே சொன்னேன், பிரஸ் மிஸ்டேக் என்று. நீ நம்பவில்லை. இப்போதாவது நம்புவாய் என்றுதான் இதை எழுதினேன், வேறு காரணமில்லை. பதில் போட வேண்டாம். வேலை வெட்டியை விட்டுவிட்டு நேரில் வரவும் வேண்டாம். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. உன் மனைவிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டு என் ஆசீர் சொல்லு. ஆண்டவர் உங்கள் வீட்டை ஒரு குறையுமில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு, மூச்சோடு,
உன் அண்ணன்
இன்னாசி

பின்குறிப்பு: குமாரைப் பற்றி எழுதினதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பேப்பர் அசிங்கமாகும். அவன் உன் பேரை விடவில்லைடா. ப்ரூப் பார்க்கும்போது நான்தான் அடித்தேன். உன் வூட்டு விசேஷத்துப் பத்திரிகையில என் பேரை ‘மற்றும் உறவினர்கள்’ளோட சேர்த்துட்டியேன்னு ஒரு கோபம். சிலிண்டரும் பொய், அது அன்னைக்குக் காலையிலேயே வந்துடுச்சி. “யார் வந்தா ஏத்திக்கணும்னு தோணுதோ அவங்கள நெனச்சிகினு ரோட்டப் பாருங்க ஐயா”ன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி. நான் உன்னத்தான் நெனச்சேன். நீ வராதது எனக்குக் கஷ்டமாத்தான் கீது. வர்ற ஞாயித்துக்கிழமை பாராட்டு விழா. புது பிளெக்ஸுக்கு நானே கள்ளக்குறிச்சி போய் ப்ரூப் பார்த்துட்டேன், கீழே முதல் பேரு ‘தம்பி ஜான்’. சாவுக்குத்தானே வரமாட்டேன்னு சொன்ன, இது சாவு இல்ல. கள்ளக்குறிச்சியில ஒன்பது மணி டவுன் பஸ்ஸு. கண்டக்டர்கிட்ட சொல்லி வச்சிகீறேன், நீ ஏறுற வரைக்கும் விசில் ஊதமாட்டான்.